மூன்றாவது கட்டத்தில் ஒரு டிக்

நான்காவது முறையாக அந்தப் படிவத்தைத் தூக்கிக்கொண்டு முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போன அன்று, இன்றைக்கும் திருப்பிக் கொடுத்தால் கவுன்ட்டர் மேலேயே ஏறி உட்கார்ந்துவிடுவது என்ற முடிவோடுதான் போனேன். நான் லாரி ஆபீஸில் புக்கிங் பார்ப்பவள். பதினெட்டு வருஷமாக டிரைவர்களோடு மல்லுக்கட்டி, எனக்கு இருந்த கொஞ்சநஞ்சப் பொறுமையும் லோடு ஏறிப் போய்விட்டது. வேண்டுமென்றால் என் வீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்கள், மணிக்கணக்கில் சொல்வார்.

படிவம் ஒன்றும் பெரிய விஷயம் இல்லை, ஐந்து பக்கம். நாளைக்கு ஒருவருக்கு நினைவு தப்பியோ பேச முடியாமலோ போனால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், அவர் சார்பில் யார் முடிவெடுப்பது என்று முன்கூட்டியே எழுதி வைக்கிற காகிதம். அலுவலகத்தில் முத்திரை குத்திக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால், படைவீரர் மருத்துவமனையில் எப்போது கொண்டுபோய்ச் சேர்த்தாலும் டாக்டர் கண்ணில் படும். ஏற்றவில்லையென்றால் நாம் வாய் கிழியக் கத்தினாலும் பிரயோஜனம் இல்லை. முதலில் குழாயைச் சொருகுவார்கள், பிறகுதான் நம்மிடம் பேசுவார்கள்.

அப்பாவுக்குப் போன வருஷம் அதுதான் நடந்தது. நுரையீரல் முக்கால்வாசி போய்விட்ட மனிதர். சாதாரணச் சளியில் ஆரம்பித்து மூச்சு முட்டி, பதினொரு நாள் தொண்டையில் குழாயோடு கிடந்தார். அதைப் பிடுங்கப் பார்த்தார் என்று இரண்டு கையையும் துணிப்பட்டையால் கட்டில் கம்பியோடு கட்டிப்போட்டார்கள். மயக்க மருந்து அவருக்குச் சரியாகப் பிடிக்கவில்லை. பாதி நேரம் விழித்துக்கொண்டுதான் கிடந்திருக்கிறார். குழாயை எடுத்து மூன்று நாள் கழித்துக் குரல் வந்ததும் என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"இருபத்தி நாலு வருஷம் பட்டாளத்துல இருந்தேன். எவனும் என் கையக் கட்டினதில்ல. இங்க கட்டிட்டாங்க. இனிமே எனக்குக் குழாய் வேணாம். போற உசுரு போகட்டும். எங்க எழுதணுமோ அங்க எழுதி வை" என்றார்.

அப்பா யாரிடமும் எதையும் கேட்கிற ஆள் இல்லை. குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால்கூடத் தானே எழுந்து போவார். அவர் வாயைத் திறந்து கேட்டது இது ஒன்றுதான். இதைக்கூடச் செய்து முடிக்காவிட்டால் நான் என்ன பிள்ளை?

ஆனால் என்னைச் செய்யவிட்டால்தானே. முதல் தடவை படிவம் திரும்பி வந்ததற்குக் காரணம், ஐந்து பக்கத்தையும் அப்பா பென்சிலில் எழுதியிருந்தார். "மழைல மை கரைஞ்சிரும், பென்சில் கரையாது" என்றார். அலுவலகத்துக்குள் மழை பெய்யாது என்று சொன்னால் முறைத்தார். இரண்டாவது தடவை, முடிவெடுப்பவர் என்ற இடத்தில் ஒரு பெயர்தான் இருக்கிறது, அவர் கிடைக்காவிட்டால் அல்லது விலகிக்கொண்டால் யார் என்று இரண்டாவது பெயர் கட்டாயம் வேண்டும் என்றார்கள். மூன்றாவது தடவை சாட்சிகள். தன்னோடு பட்டாளத்தில் இருந்த இரண்டு பேரைக் கூட்டிவந்து கையெழுத்து வாங்கினார். புண்ணியவான்கள் இருவரும் பெயர், முகவரி எழுதவேண்டிய இடத்தில் ஆளுக்கொரு பட்டாள நம்பரை எழுதிவிட்டுப் போனார்கள். "அந்த நம்பர வெச்சுத் தேடினா உலகத்துல எங்க இருந்தாலும் பிடிச்சிரலாம்" என்று அப்பா அவர்களுக்காக என்னோடு வாதாடினார். ஒவ்வொரு தடவைக்கும் எனக்கு அரை நாள் லீவு போனது.

நான்காவது தடவை குமாஸ்தா ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கிப் படிக்கிற மனிதர். நாலாம் பக்கத்தில் நின்றார்.

"மூணாவது கட்டத்துல டிக் போட்டிருக்காரே. தெரிஞ்சுதான் போட்டாரா?"

"தெரிஞ்சுதான் போட்டாரு."

"நல்லா யோசிச்சுக்குங்கம்மா. இது ஏறிட்டா அப்புறம் நீங்க வந்து குதிச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

"ஏற்கனவே நல்லாக் குதிச்சுப் பாத்துட்டேன் சார். குத்துங்க முத்திரைய" என்றேன்.

உண்மையிலேயே குதித்துத்தான் பார்த்தேன். வீட்டில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அப்பா அந்த நாலாம் பக்கத்தை நிரப்பிய அன்று, நான் எதிரே நின்று துணி மடித்துக்கொண்டிருந்தேன். 'உங்கள் சார்பில் முடிவெடுப்பவர்' என்ற இடத்தில் என் பெயரை எழுதுவார் என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தானே நினைப்பார்கள். அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. ஆறு வருஷமாக மாத்திரை கொடுப்பது நான், ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிப்பது நான், ராத்திரியெல்லாம் இருமினால் முதுகைத் தடவுவது நான். அவர் எழுதியது பீரங்கிப் பெரியப்பாவின் பெயரை.

பீரங்கிப் பெரியப்பா எங்களுக்குச் சொந்தமில்லை. அப்பாவும் அவரும் பட்டாளத்தில் ஒரே பீரங்கியில் வேலை பார்த்தவர்கள். அப்பா குறி பார்ப்பார், அவர் குண்டு ஏற்றுவார். அவர் பேசினால் தெருமுனைக்குக் கேட்கும். அதனால் நாங்கள் வைத்த பெயர் அது. வருஷத்துக்கு இரண்டு முறை வருவார், அப்பாவோடு ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார், டீ குடித்துவிட்டுப் போவார்.

"மாத்திர குடுக்க நானு, முடிவெடுக்க அவரா? உங்களுக்கென்ன புத்தி பேதலிச்சுப் போச்சா?" என்றேன்.

"அவன் என் பக்கத்து ஆளு" என்றார் அப்பா.

அவர்கள் பிரிவில் ஒரு வழக்கம் இருந்ததாம். சண்டை முனைக்குப் போவதற்கு முன் ஒவ்வொருவனும் தன் கடைசிக் கடிதம், கைக்கடிகாரம், வீட்டு முகவரி எல்லாவற்றையும் பீரங்கியில் தனக்குப் பக்கத்தில் நிற்கிற ஆளிடம் கொடுத்துவிடுவானாம். அதிகாரியிடம் கொடுப்பதில்லை. அதோடு அவன் பொறுப்பு பக்கத்து ஆளுடையது. காயம் பட்டால் தூக்குவதா விடுவதா, செத்தால் எங்கே புதைப்பது, வீட்டுக்கு என்ன எழுதுவது, எல்லாம் அவன் சொல்வதுதான். மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. அப்பா பட்டாளத்தை விட்டு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. இன்னும் அந்தப் பீரங்கிப் பக்கத்திலேயே நிற்கிறார்.

சரி, பெயர்தான் அப்படி என்றால், அதற்குக் கீழே மூன்று கட்டம். அவருக்கு எவ்வளவு அதிகாரம் என்று டிக் போட வேண்டும். முதல் கட்டம்: நான் எழுதியதை அப்படியே நிறைவேற்ற வேண்டும். இரண்டாவது: நான் எழுதாத விஷயங்களில் மட்டும் அவர் முடிவெடுக்கலாம். மூன்றாவது: நான் எழுதியதற்கு மாறாகக்கூட அவர் முடிவெடுக்கலாம். அப்பா கொஞ்சமும் யோசிக்காமல் மூன்றாவதில் டிக் போட்டார்.

"அப்பா, அத ஒரு தடவ படிங்க. ரெண்டாம் பக்கத்துல குழாயே கூடாதுன்னு எழுதிட்டு, நாலாம் பக்கத்துல, அவருக்குத் தோணுச்சுன்னா போட்டுக்கலாம்னு எழுதுறீங்க. இதுக்கு எழுதாமலே இருக்கலாமே."

"பொறுப்பு குடுத்தா முழுசாக் குடுக்கணும். பாதிப் பொறுப்புன்னு ஒண்ணு கெடையாது."

"அவரு மாத்திச் சொன்னா?"

"மாட்டான்."

கல்லில் முட்டிக்கொள்வதும் அப்பாவிடம் பேசுவதும் ஒன்றுதான். இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை, அது வேறு வயிற்றெரிச்சல். பிறகு அலுவலகத்தில் இரண்டாவது பெயர் கேட்டார்கள் என்று படிவத்தை அவர் முன்னால் போட்டபோது, "கேக்குறானுங்களே, சரி, உம்பேர எழுதிக்கோ" என்றார். ஏதோ ரேஷன் அட்டையில் சேர்க்கிற மாதிரி. இந்த அழகில்தான் எனக்கு அந்த இடம் கிடைத்தது.

குமாஸ்தா ஒருவழியாக முத்திரை குத்தி இரண்டரை மாதம் போயிருக்கும். காலை பத்தரை மணி. உடைந்த கண்ணாடிப் பெட்டிகளுக்கு யார் பொறுப்பு என்று ஒரு டிரைவரோடு நான் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் போன் பண்ணினார். அப்பாவுக்கு மூச்சு வரவில்லை, உதடு நீலமாகிவிட்டது, ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டேன் என்றார்.

நான் போய்ச் சேரும்போது அப்பாவின் மூக்கையும் வாயையும் மூடிப் பெரிய மாஸ்க் ஒன்று இறுக்கியிருந்தது. மிஷின் காற்றை உள்ளே தள்ளத் தள்ள நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டது. டாக்டர் சின்னப் பெண், என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். கையில் படிவத்தின் பிரின்ட் வைத்திருந்தாள். பார்த்ததும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நான் நான்கு தடவை நடந்தது வீணாகவில்லை.

"மாஸ்க் பத்தலம்மா. அதிகம் போனா ஒரு மணி நேரம் தாங்கும். அதுக்குள்ள முடிவு பண்ணணும். குழாய் போட்டா, திரும்ப எடுக்குற நெலமைக்கு அவரு வர்றது கஷ்டம். பத்துல ஒருத்தர் வரலாம். போடலன்னா, திணறல் தெரியாம மருந்து குடுத்து அமைதியா வெச்சுக்குவோம்" என்றாள்.

"அதான் எழுதியிருக்காரே, குழாய் வேணாம்னு."

"எழுதியிருக்காரு. ஆனா மூணாவது கட்டத்துல டிக் போட்டிருக்காரு. முடிவெடுக்கிறவருன்னு யார் பேர எழுதியிருக்காரோ, நான் அவரத்தான் கேட்டாகணும். போன் பண்ணியாச்சு, வந்துட்டிருக்காரு."

பெரியப்பா அரை மணி நேரத்தில் வந்தார். எழுபத்தொன்பது வயதில், இரண்டு பஸ் மாறி, சட்டையில் ஒரு மடிப்புக் கலையாமல். டாக்டர் எல்லாவற்றையும் இரண்டு தடவை சொன்னாள். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு முழுவதும் கேட்டார். வார்டு வாசலில் நின்றபடியே, உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல், "போடுங்க" என்றார்.

எனக்குக் காதில் விழுந்தது மண்டையில் ஏறக் கொஞ்ச நேரம் ஆனது.

"என்ன போடுங்க? பெரியப்பா, அவரு வேணாம்னு எழுதி வெச்சிருக்காரு."

"தெரியும். எங்கிட்டயும் சொன்னான்."

"அப்புறம் என்ன?"

"அன்னைக்கும் இதத்தான் சொன்னான்." அவர் குரலைத் தாழ்த்தி நான் கேட்டதே இல்லை, அன்றைக்குத்தான் கேட்டேன். "குண்டு விழுந்து தொட கிழிஞ்சு கெடந்தான். விட்டுட்டுப் போடா, இது ஆர்டருன்னான். எனக்கு மேல ரேங்க் வேற. நான் கேக்கல. ஆறு மைலு தோள்ல போட்டுத் தூக்கிட்டு வந்தேன். வழி பூரா என்னத் திட்டிட்டே வந்தான். அவன் பேச்ச நான் கேட்டிருந்தா உங்கம்மாவுக்குக் கல்யாணம் ஏது? நீ ஏது?"

நான் அங்கே நின்று மூச்சு விடுவதே அவர் பக்கத்துச் சாட்சியாகிவிட்டது. இந்த மனிதர்மேல், இவரை நம்பி டிக் போட்ட மனிதர்மேல், அந்தக் கட்டத்தை அச்சடித்தவன்மேல், எல்லோர்மேலும் ஆத்திரம்.

"அப்ப அவருக்கு இருபத்தாறு வயசு" என்றேன். "தூக்கிட்டுப் போய்ச் சேக்குறதுக்கு ஒரு எடம் இருந்துச்சு. இப்ப எங்க தூக்கிட்டுப் போகப் போறீங்க?"

நான் அவர் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனேன். பெரியவர் என்றும் பார்க்கவில்லை.

நான் வெளியே பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அப்பா மாஸ்க்கை இழுத்திருக்கிறார். நர்ஸ் அவருடைய வலது கையைத் துணிப்பட்டையால் கம்பியோடு கட்டியிருந்தாள். பெரியப்பா அதைத்தான் முதலில் பார்த்தார்.

"யாரு கட்டினது?" என்றார். பழைய குரல் வந்துவிட்டது. வார்டே திரும்பிப் பார்த்தது.

நர்ஸ் ஏதோ சொல்ல வந்தாள். அவர் அதைக் கேட்கவில்லை. குனிந்து முடிச்சை அவிழ்த்தார். முடிச்சு இறுகிக் கிடந்ததில் அதற்கே இரண்டு நிமிஷம் ஆனது. கை விடுபட்டதும் அப்பா அவருடைய சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு கண்ணைத் திறந்தார். அவரைத்தான் பார்த்தார். நான் கால்மாட்டில் நிற்கிறேன், என் பக்கம் கண் வரவே இல்லை. மாஸ்க்குக்குள் வாய் அசைந்தது, மிஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. பெரியப்பா அவர் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார், வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"விடச் சொல்றான்" என்றார். "எனக்கு அது வராதும்மா. தூக்கிட்டு வாடான்னா இந்த வயசுலயும் தூக்குவேன். விட்டுட்டு வாடான்னா எனக்குத் தெரியாது. ரெண்டாவது பேரு உன்னோடதுதான? நான் வெலகிக்கிறேன். நீயே சொல்லிரு."

டாக்டர் அதற்கும் ஒரு காகிதம் வைத்திருந்தாள். எதற்குத்தான் காகிதம் இல்லை? விலகுவதாக அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டி, பேனாவைக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அவரு கையெழுத்துப் போட்டதும் நீங்கதான் சொல்லணும். மனசத் தயார் பண்ணிக்குங்க. குழாயா, வேணாமா?"

எத்தனை மாதமாக நான் இதற்கு அடம்பிடித்தேன். இந்த இடம் என்னுடையது, எனக்குத்தான் அப்பாவைத் தெரியும், எனக்குத்தான் உரிமை என்று சாப்பாட்டு மேசையில் எத்தனை சண்டை. சொல்ல வேண்டியது இரண்டே வார்த்தை. 'குழாய் வேண்டாம்.' அதைத்தான் காலையிலிருந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். வார்டுக் கதவின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பாவின் நெஞ்சு தூக்கிப் போடுவது தெரிந்தது. நான் வாயைத் திறந்தேன்.

"டாக்டர், அந்தப் பத்துல ஒருத்தரா அவரு இருந்துட்டா?"

டாக்டர் கையிலிருந்த பிரின்ட்டை இரண்டாம் பக்கத்துக்குத் திருப்பினாள்.

"ரெண்டு நாள் மட்டும் போட்டுப் பாக்கலாமா? ரெண்டே நாள். அப்புறம் எடுத்துரலாம்."

"போடலாம். ஆனா எடுக்குறதும் நீங்கதான் சொல்லணும். அதுவரைக்கும் கையக் கட்டித்தான் வைக்கணும். இல்லன்னா பிடுங்கிருவாரு."

"ரெண்டு நாள்தான?" என்றேன். "சரி."

நான்தான் சொன்னேன். பென்சிலை அழித்து மையில் எழுத வைத்து, சாட்சி தேடி, குமாஸ்தாவோடு மல்லுக்கட்டி, நான்கு தடவை நாயாக அலைந்த நான் சொன்னேன். சொன்ன மறுகணமே அது தப்பு என்று தெரிந்தது. தெரிந்தும் என்னால் திரும்பப் பெற முடியவில்லை. அப்பா இன்னும் இரண்டு நாள் இருப்பார் என்பதைத் தவிர என் மூளையில் வேறு ஒன்றுமே ஓடவில்லை.

பெரியப்பா பெஞ்சிலிருந்து எழுந்தார். பேனாவை மூடி டாக்டர் கையில் கொடுத்தார்.

"நான் இன்னும் கையெழுத்துப் போடல. பொறுப்பு எங்கிட்டத்தான் இருக்கு. அந்தப் பொண்ணு சொன்னத விட்டுருங்க" என்றார். "குழாய் வேணாம். திணறாம இருக்க மருந்து குடுங்க. கையக் கட்டாதீங்க." சொல்லும்போது முகம் கோணிக்கொண்டது. அதோடு என்னைப் பார்த்து, "நீ உள்ள போயி அவன்கிட்ட உக்காரு" என்றார்.

நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு வந்தது நிம்மதிதான்.

அப்பா மறுநாள் சாயங்காலம் வரை இருந்தார். மருந்து நன்றாக வேலை செய்தது. திணறல் இல்லை. ஒரு கையை என் மடியில் போட்டுக்கொண்டு தூங்குகிற மாதிரிதான் கிடந்தார். பெரியப்பா வெளியே பெஞ்சிலேயே இருந்தார். நான் எத்தனை தடவை கூப்பிட்டும் உள்ளே வரவில்லை, டீகூட வாங்கிக் குடிக்கவில்லை.

எல்லாம் முடிந்து வீட்டில் ஆட்கள் கூடியிருந்தபோது அத்தை வந்தாள், அப்பாவின் ஒரே தங்கை. ரயிலில் வந்து சேர நேரமாகிவிட்டது, முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. அழுது ஓய்ந்து, என் வீட்டுக்காரரிடம் ஒவ்வொன்றாக விசாரித்துக்கொண்டே வந்தவள், ஒரு இடத்தில் நின்றாள்.

"குழாய் போட்டிருந்தா எங்கண்ணன் பொழச்சிருப்பாருல்ல? போன வருஷம் பொழச்சாருல்ல? எவன் வேணாம்னு சொன்னது?"

கூடத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான்" என்றார் பெரியப்பா. வாசல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றார். "நான்தான் சொன்னேன். அவ போடச் சொன்னா. நான் கேக்கல."

அத்தை அவரை என்னென்னவோ கேட்டாள். நீ யார் எங்கள் ரத்தமா என்றாள், உன் அண்ணனாக இருந்தால் விட்டிருப்பாயா என்றாள், உன் கையில் கொடுத்தானே பாவி என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அத்தனையையும் நின்றபடியே வாங்கிக்கொண்டார். அப்பா எழுதி வைத்த படிவம் என் கைப்பையில்தான் இருந்தது. இரண்டாம் பக்கத்தை எடுத்து அத்தையிடம் காட்டியிருந்தால் போதும். அவள் பேசி முடிக்கும்வரை நான் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.